பாராமகால் கேஸ்: நம்மள மதிச்ச துரையும் குறையாத வரியும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வெள்ளைக்காரன் ஆட்சியப் பத்தி பேச்சு எடுத்தா உடனே ரெண்டு கட்சி ஆயிடும். ஒரு கட்சி, ரோடு போட்டான் ரயில் விட்டான் பட்டா குடுத்தான், மன்றோ மாதிரி தங்கமான துரைங்களும் இருந்தாங்கம்பாங்க. இன்னொரு கட்சி, எல்லாரும் கொள்ளைக்காரனுங்க, நம்மள மனுஷனாவே மதிக்கலம்பாங்க. கவனிச்சுப் பாத்தா ரெண்டு கட்சியும் சண்டை போடறது துரையோட குணத்தப் பத்திதான், வசூல் எவ்ளோ எப்படி நடந்துச்சுன்னு யாரும் பேசறதே இல்ல. எனக்கு இது ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருந்த விஷயம், அதனால நம்ம மாவட்டத்தையே ஒரு கேஸா எடுத்து, 1792ல கம்பெனி கைக்கு வந்ததுல இருந்து 1878ல பஞ்சம் முடியற வரைக்கும் வரிசையா வெச்சுப் பாக்கலாம்னு உக்காந்தேன். இந்தியாவுல வேற எந்த ஊரும் இதுக்கு இவ்ளோ பொருத்தமா அமையாதுன்னு நினைக்கறேன், ஏன்னா குடியானவன்கிட்டயே நேரா வரி வாங்கற ரயத்வாரிங்கற முறையே பிறந்த இடம் இதுதான், நம்ம ஜனங்கள நிஜமாவே மதிச்ச ஒரு அதிகாரி வேலை கத்துக்கிட்டதும் இங்கதான், தாது வருஷப் பஞ்சத்துல சுடுகாடா போனதும் இதே மண்ணுதான்.

கைமாறுன கதை

பாராமகால்னு அப்ப சொன்னது இப்பத்திய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் சுத்துவட்டாரம். மலைக்கோட்டைகள் நிறைஞ்ச சீமை, மைசூர்ல இருந்து கீழ இறங்கறவனும் கீழ இருந்து மைசூருக்கு ஏறறவனும் இது வழியாத்தான் போகணும், அதனால யார் யாரோட சண்டை போட்டாலும் மிதிபடறது நம்ம வயல்தான். மூணாவது மைசூர் போர்ல 1791ல ராயக்கோட்டையையும் ஓசூரையும் இங்கிலீஷ் படை புடிச்சுது, அதே வருஷம் கிருஷ்ணகிரியத் தாக்குனப்ப கீழ இருந்த பேட்டைதான் சிக்குச்சு, மேல கோட்டை அசையல. 1792 மார்ச்சுல ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை. திப்பு தன் ராஜ்யத்துல பாதிய விட்டுக்குடுத்து, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட ஒத்துக்கிட்டு, ரெண்டு பசங்களப் பணயமா அனுப்பி வெச்ச உடன்படிக்கை இது. அதுல சேலமும் பாராமகாலும் கம்பெனிக்குப் போச்சு. ஓசூர் பக்கம் மேட்டுச்சீமை மட்டும் திப்புகிட்டயே இருந்து, 1799ல அவர் இறந்தப்புறம்தான் கைமாறுச்சு.

ஒண்ணு இங்கயே சொல்லிடறேன். திப்பு காலத்துல இங்க வரி லேசா இருந்துச்சுன்னு நான் சொல்ல வரல. வரி வசூல் பண்ற அமில்தாருங்க கசக்கிப் புழிஞ்சாங்க, அதோட படை போக்குவரத்துல ஆடுமாடு வைக்கோல் எல்லாம் போச்சு. கம்பெனி கைக்கு வந்தப்ப இந்தச் சீமை அடிபட்டு மிதிபட்டுக் கிடந்துச்சு. அப்படிப்பட்ட மண்ணுகிட்ட இருந்து எடுத்த எடுப்புலயே எவ்ளோ கேக்கலாங்கறதுதான் முதல் கேள்வியா இருந்திருக்கணும்.

நாலு பட்டாளத்துக்காரங்க

கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் இந்தச் சீமைய நிர்வாகம் பண்ண மெட்ராஸ் சிவிலியன் அதிகாரிங்கள நம்பல. அவங்களுக்கு நம்ம பாஷை எதுவும் தெரியாது, மொழிபெயர்க்கற துபாஷிங்கள வெச்சுத்தான் காரியம், லஞ்சத்துலயும் பேர் போனவங்க. அதனால பட்டாளத்துல இருந்து கேப்டன் அலெக்சாண்டர் ரீடைத் தலைவரா போட்டு, அவருக்குக் கீழ மூணு உதவி ஆளுங்க: தெற்குல சேலம் பக்கம் மெக்ளியாட், நடுவுல தர்மபுரிக்கு தாமஸ் மன்றோ, வடக்குல கிருஷ்ணகிரிக்கு கிரஹாம். ஊர் பாஷை தெரியும், கூடாரத்துல படுத்துப் பழக்கம், அதான் தகுதி.

இந்த காரன்வாலிஸ் யாருன்னா, இந்தியாக்காரன் ஒவ்வொருத்தனும் லஞ்சப் பேர்வழின்னு மனசார நம்புன ஆளு. 1793ல வங்காளத்துல பெரிய உத்யோகம் எதுவும் நம்மாளுங்களுக்குக் கிடையாதுன்னு கதவச் சாத்துனதும் அவரோட காலத்துலதான். மெட்ராஸ்ல திருடுனது இங்கிலீஷ்காரன்னு தெரிஞ்சப்ப இன்னொரு இங்கிலீஷ்காரன மாத்திப் போட்டாரு, இந்தியாக்காரன் திருடுவான்னு சந்தேகம் வந்தப்ப ஜாதிசனம் மொத்தத்தையும் ஒதுக்கிட்டாரு. அந்தக் காலத்து மனோபாவத்த இதவிடத் தெளிவா காட்டறது எனக்குத் தோணல.

ரீடோட ஆளுங்க செஞ்ச வேலை சாதாரணம் இல்ல, அதையும் மறைக்கக் கூடாது. வயல் வயலா அளந்தாங்க. நஞ்சை, புஞ்சை, தோட்டம்னு பிரிச்சு, மண்ணு தரம் பாத்து, எந்த வயல் யார் பேர்ல, எவ்ளோ தீர்வை, அதாவது நிலவரின்னு எழுதுனாங்க. அளந்தது எழுதுனது எல்லாம் நம்ம ஊர் கணக்குப்பிள்ளைங்களும் குமாஸ்தாக்களும்தான், கையெழுத்து மட்டும் துரையோடது. மண்ணு, விளைச்சல், ஜனங்க, ஜாதி, சுங்கம், நில வரின்னு அவங்க எழுதிக் குவிச்சத நூறு வருஷம் கழிச்சு மெட்ராஸ் அரசாங்கம் பாராமகால் ஆவணங்கள்னு தொகுதி தொகுதியா அச்சடிச்சுது. வருஷா வருஷம் தாலுகா ஆபீஸ்ல நடக்கற ஜமாபந்தி, பசலி கணக்கு, கிஸ்தி, சிட்டா, அடங்கல்னு நாம இன்னைக்கும் மனுவத் தூக்கிக்கிட்டு ஓடறோமே, அதுல பாதிப் பழக்கம் கம்பெனிக்கு முந்தியே இருந்தது, மீதி 1792ல இருந்து 1799 வரைக்குமான ஏழு வருஷத்துல இந்த மண்ணுல வெச்சு இறுக்கிக் கட்டுனது.

மன்றோவ எடுத்துக்கோங்க. 1761ல கிளாஸ்கோல பிறந்து 1780ல மெட்ராஸ் வந்த ஆளு, பெரிய சிபாரிசு எதுவும் இல்லாம பட்டாளத்துல மேல வந்தவரு. 1792ல இருந்து 1799 வரைக்கும் தர்மபுரி. ஊர் ஊரா கூடாரம் போட்டு, கவுண்டரு மணியக்காரரு கணக்குப்பிள்ளை குடியானவன்னு எல்லார் கூடவும் நேருக்கு நேரா உக்காந்து, இந்தப் புஞ்சை போன வருஷம் என்ன குடுத்துச்சு, கிணத்துல தண்ணி எவ்ளோ, ஏர்மாடு எத்தனை, ஏன் அந்தக் காடு தரிசா கிடக்குன்னு பேசிப் பேசி முடிவு பண்ணணும். குடியானவன் தன் மண்ணு ஒண்ணுக்கும் ஆவாதும்பான், பக்கத்துக் காட்டுக்காரன் மண்ணு பொன்னும்பான், கணக்குப்பிள்ளை யாருக்குக் கடன்பட்டிருக்காரோ அவருக்கு ஏத்த மாதிரி எழுதுவாரு. இதுல ஏழு வருஷம் புழங்குன ஆளுக்கு நம்ம ஜனங்களோட சூதும் தெரியும், உழைப்பும் தெரியும். தர்மபுரிய விட்டுப் போறப்ப அவர் வீட்டுக்கு எழுதுன கடுதாசியில இந்த மலையையும் மரத்தையும் தன் தோட்டத்தையும் விட்டுப் பிரிய மனசில்லாம எழுதியிருக்காரு. அதுல நடிப்பு இருக்கறதா எனக்குத் தோணல.

சண்டை ரேட்டப் பத்தி

இனிமேதான் இந்த கேஸோட மையமே.

ரீடு முதல்ல நிலத்த அஞ்சு வருஷம் மாதிரி குத்தகைக்கு விட்டுடணும்னு நினைச்சாரு. மன்றோவுக்கு அது சரியாப் படல. இங்க குடியானவன் கையில முதலே இல்ல, ஒரு வருஷம் மழை பொய்ச்சா அடுத்த வருஷம் விதைக்கு வழி இல்ல, அவன அஞ்சு வருஷத்துக்குக் கட்டிப் போட்டா ஓடிப் போயிடுவான், வருஷா வருஷம் முடிஞ்ச நிலத்த வெச்சுக்கட்டும், முடியாதத விட்டுடட்டும்னாரு. ரீடும் கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கம் வந்து 1796 டிசம்பர்ல ஒரு விளம்பரம் போட்டாரு. ரயத்வாரி அதுல இருந்துதான் முளைச்சுது. நடுவுல ஜமீன்தார் கிடையாது, சர்க்கார் ஒரு பக்கம், குடியானவன் ஒரு பக்கம், அவனவன் பேர்ல பட்டா.

ஆனா அதே விவாதத்துல மன்றோ இன்னொண்ணும் சொல்றாரு, செட்டில்மென்ட்ல, அதாவது வரி நிர்ணயத்துல, முக்கியமானது தீர்வை ரேட்தான், மத்த விதிமுறை எல்லாம் அதுக்கு ரொம்பக் கீழன்னு. ரேட் கம்மியா இருந்தா எந்த முறையா இருந்தாலும் ஜனங்க பொழச்சுக்குவாங்க, ரேட் கூட இருந்தா எந்த முறையும் காப்பாத்தாதுன்னு அர்த்தம். தீர்வையக் குறைக்கச் சொல்லி எழுதவும் செஞ்சாரு. இத நான் படிச்சப்ப நிமிர்ந்து உக்காந்தேன், ஏன்னா நாம இன்னைக்கு ரெண்டு கட்சியா சண்டை போடற விஷயத்துக்கு அந்த ஆளே 1790கள்ல பதில் சொல்லி வெச்சுட்டாரு.

ரேட் குறைஞ்சுதான்னு பாத்தா இல்ல. கம்பெனிக்கு சண்டைச் செலவு, லண்டன்ல பங்குதாரருக்கு லாபம், மெட்ராஸ் கஜானாவுல எப்பவும் துண்டு. அப்புறம் மன்றோ கடப்பா பெல்லாரி பக்கம் போய், 1807ல அங்க தீர்வை மொத்த விளைச்சல்ல 45 சதவீதம் கிட்ட வருது, கால் பங்கு குறைச்சு மூணுல ஒண்ணாக்குங்கன்னு கேட்டாரு. அப்பவும் நடக்கல. அது நிறைவேறுனது அவரே மெட்ராஸ் கவர்னரா 1820ல வந்தப்புறம்தான். மொத்த விளைச்சல்ல பாதி கிட்டன்னா யோசிச்சுப் பாருங்க, விதை, மாட்டுத் தீவனம், கூலி, கடன் வட்டி எல்லாம் மீதிப் பாதியில போகணும், அதுக்கப்புறம்தான் வீட்டு அடுப்பு.

இங்க என்ன ஆச்சுன்னா இன்னும் மோசம். ரீடும் மன்றோவும் 1799ல நாலாவது மைசூர் போருக்குக் கிளம்பிப் போயிட்டாங்க. மெட்ராஸ் அரசாங்கம் வங்காளத்தப் பாத்து, ஜமீன்தார் முறை இங்கயும் வேணும்னு 1802ல சட்டம் போட்டு, சேலம் ஜில்லாவ மிட்டாங்கற சின்ன சின்ன ஜமீனா கூறு போட்டு ஏலம் விட்டுச்சு. ஏழு வருஷம் வயல் வயலா அளந்து எழுதுன கணக்கு இருக்கறப்பவே அதத் தூக்கி ஓரம் வெச்சுட்டு, பரம்பரை ஜமீனே இல்லாத ஊர்ல பணம் இருக்கறவனத் தேடிப் புடிச்சு மிட்டாதாராக்குனாங்க. நிறைய மிட்டா நஷ்டப்பட்டு சர்க்காருக்கே திரும்பி வந்துச்சு. சுத்தி சுத்தி மறுபடியும் ரயத்வாரிக்கே வந்து நின்னாங்க. இந்தப் பரிசோதனைக்கு யாரையும் கேக்கல, கேக்கணும்னு அவங்களுக்குத் தோணவும் இல்ல.

இதுல இடமே இல்லாம போன ஒரு கூட்டத்தையும் சொல்லணும். பட்டா கிடைச்சது ஏற்கனவே நிலம் கையில இருந்தவனுக்கு. பண்ணையாளா பரம்பரையா உழைச்ச ஜனங்க, முக்கியமா தலித் ஜனங்க, அந்தக் கணக்குல ஆளா எண்ணப்பட்டாங்களே தவிர நிலத்துக்காரங்களா வரவே இல்ல. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் அவங்க நிலைமையப் பத்தி அறிக்கை எழுதி, அவங்களுக்குன்னு ஒதுக்குன பஞ்சமி நிலம்னு ஒண்ணு வர்றதுக்கு 1890கள் வரைக்கும் ஆச்சு. பட்டா குடுத்தான் வெள்ளைக்காரன்னு பெருமையா சொல்றவங்க யாருக்குக் குடுத்தான்னும் சேத்து சொல்லணும்.

மரியாதை இருந்துச்சு, அதிகாரம் தரல

மன்றோவோட எண்ணத்துக்கு எழுத்துலயே சாட்சி இருக்கு. 1813ல லண்டன் பார்லிமென்ட்ல சாட்சி சொல்றப்ப, இந்தியாவோட விவசாயம், கைத்தொழில், ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், விருந்தோம்பல் எல்லாத்தையும் அடுக்கிட்டு, நாகரிகம் ஒரு சரக்கா ரெண்டு தேசத்துக்கும் நடுவுல வியாபாரம் ஆச்சுன்னா இறக்குமதியால லாபம் இங்கிலாந்துக்குத்தான்னு முகத்துக்கு நேரா சொன்னாரு. 1817ல கவர்னர் ஜெனரலுக்கு எழுதுன கடிதத்துல இன்னும் காட்டம்: மத்த அந்நிய ஆட்சிக்காரங்க இந்த ஜனங்கள அடிச்சிருக்காங்க, கொடுமை பண்ணிருக்காங்க, ஆனா நாம இளக்காரமா நடத்தற மாதிரி எவனும் நடத்தல, ஒரு ஜனத்தையே நம்பிக்கைக்கு லாயக்கில்லாதவங்கன்னு முத்திரை குத்துனது நாம மட்டும்தான்னு. அதே 1817லதான் ஜேம்ஸ் மில் இந்தியாவுக்கு வராமயே, இங்கத்திய ஒரு பாஷையும் தெரியாமயே இந்திய வரலாறு எழுதி, நம்மள நாகரிகம் இல்லாத ஜனம்னு தீர்ப்பு சொன்னாரு. கம்பெனி அதிகாரிங்கள உருவாக்குன ஹெய்லிபரி காலேஜ்ல பசங்க படிச்சது மில்லோட புத்தகத்த. வெயில்ல நின்னு எழுதுன ஆளோட கருத்து ஃபைலுக்குள்ள போச்சு, ஊரே பாக்காத ஆளோட கருத்து பாடமா வந்துச்சு. 1835ல மெக்காலே வந்து ஐரோப்பிய லைப்ரரியில ஒரு அலமாரி நம்ம மொத்த இலக்கியத்துக்கும் சமம்னு எழுதுனப்ப அதுக்குள்ள வயல் உழுது தயாரா இருந்துச்சு.

ஆனா மன்றோவுக்கும் ஒரு எல்லை இருந்துச்சு. 1822ல இந்தியாவுல பத்திரிகைக்கு சுதந்திரம் குடுக்கக் கூடாதுன்னு குறிப்பு எழுதுனவரு இதே மன்றோதான். 1824 கடைசில எழுதுன பெரிய குறிப்புல, இந்த ஜனங்க தங்களத் தாங்களே ஆண்டுக்கற நாள் வர்ற வரைக்கும்தான் நாம இருக்கணும்னு சொன்னவரும் அவரேதான். அந்த நாள் எப்பன்னு முடிவு பண்றது யாருன்னா அவங்கதான். 1827 ஜூலைல சுற்றுப்பயணத்துல பத்திகொண்டாவுல காலரா வந்து இறந்துட்டாரு. சென்னை தீவுத்திடல் பக்கம் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை மேல உக்காந்திருக்காரே, அவரேதான்.

கிட்டி

நல்ல துரை போனப்புறம் முறை மட்டும் தனியா நின்னப்ப அது எப்படி வேலை செஞ்சுதுன்னு தெரிஞ்சுக்க 1855ல மெட்ராஸ் மாகாண சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை ஒண்ணு போதும். வரி வசூலுக்காக குடியானவங்கள அடிச்சுத் துன்புறுத்தறாங்கன்னு லண்டன் பார்லிமென்ட்ல பேச்சு எழுந்து, வேற வழி இல்லாம போட்ட கமிஷன். நேர்லயும் தபால்லயும் மாகாணம் முழுக்க இருந்து ஜனங்க முறையிட்டாங்க.

அதுல ரெண்டு முறை திரும்பத் திரும்ப வருது. கிட்டிங்கறது ரெண்டு குச்சிய ஒரு முனையில சேத்துக் கட்டி, நடுவுல விரல வெச்சு அழுத்தறது. எலுமிச்சம்பழம் புழியற மரக்கட்டை மாதிரி. அண்ணாந்தாள்ங்கறது ஆளக் குனிய வெச்சு, கழுத்தையும் கால் கட்டைவிரலையும் அவன் துணியாலயே இழுத்துக் கட்டி, வெயில்ல அப்படியே விடறது, முதுகு மேல கல்லு வேற. இதெல்லாம் எந்தப் பெரிய தொகைக்குன்னு பாத்தா சில ரூபா, சில அணா பாக்கிக்கு. செஞ்சது யாருன்னா தாலுகா சேவகன், கணக்கன், மணியக்காரன். நம்மாளுங்கதான்.

இதுல கமிஷன் சொன்ன முடிவப் பாருங்க, எனக்கு ரத்தம் கொதிக்கறது இந்த இடத்துலதான். சித்திரவதை நடக்கறது உண்மைன்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா ஐரோப்பிய அதிகாரிங்களுக்கு இதுல சம்பந்தம் இல்ல, ஜனங்க கேக்கறதே தங்கள் சொந்த ஜாதிசனத்தோட கொடுமையில இருந்து காப்பாத்துங்கன்னுதான்னு எழுதி முடிச்சுட்டாங்க. சேவகனுக்கு சோத்துக்கே பத்தாத சம்பளம் நிர்ணயிச்சது யாரு? கிஸ்தி தேதிய வெச்சது யாரு? வசூல் முழுசா வந்துச்சான்னு பாத்துத்தானே கலெக்டருக்கு நல்ல பேரு, அந்த வழக்கத்த வெச்சது யாரு? விரல நசுக்குன கை நம்மாளோடதுதான், அதுல மாத்துக் கருத்தே இல்ல, அவனும் குத்தவாளிதான். ஆனா வேண்டிய தொகையையும் தேதியையும் எழுதி அனுப்பிட்டு எப்படி வாங்குனன்னு கேக்காத ஆளு தன் கை சுத்தம்னு சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன். கெட்டது நடந்தா அது இந்தியாக்காரன் குணம், நல்லது நடந்தா அது எங்க நிர்வாகம்ங்கற கணக்கு அப்பவே ஓடிக்கிட்டு இருந்துச்சு.

தாது வருஷம்

நம்ம பக்கம் வானம் பாத்த பூமி. கேழ்வரகு, சாமை, கொள்ளு, நிலக்கடலை எல்லாம் மழைய நம்பித்தான். ஆனா கேழ்வரகுல ஒரு வரம் இருக்கு, பூச்சி அவ்ளோ சீக்கிரம் அண்டாது, குழியில கொட்டி மூடி வெச்சா வருஷக்கணக்குல கெடாம கிடக்கும். ஒரு வருஷம் மழை தப்பிச்சாலும் குழி காப்பாத்தும். இந்தப் பாதுகாப்ப உடைச்சதுதான் பணமா கட்டவேண்டிய கிஸ்தின்னு நான் உறுதியா நினைக்கறேன். அறுவடை முடிஞ்ச கையோட, விலை அடிமட்டத்துல இருக்கறப்ப, கேழ்வரகு வித்துத்தான் கிஸ்தி கட்டணும், இல்லன்னா செட்டியார்கிட்ட கடன். குழி நிரம்பணும்னா மிச்சம் இருக்கணும், மிச்சத்த தீர்வை எடுத்துக்கிச்சு.

1876ல ரெண்டு பருவமழையும் கைவிட்டுச்சு. தாது வருஷம். கத்தாழைக் குருத்தையும் கள்ளியையும் வேக வெச்சுத் தின்னதா, வீட்டுக் கதவைக் கூட பேத்து வித்ததா பெரியவங்க சொல்லி நாம கேட்டிருக்கோம். அப்ப வைஸ்ராய் லிட்டன், விக்டோரியா மகாராணிய இந்தியச் சக்கரவர்த்தினின்னு அறிவிக்க 1877 ஜனவரி 1ம் தேதி டெல்லியில தர்பார் நடத்திக்கிட்டு இருந்தாரு. மெட்ராஸ் கவர்னர் பக்கிங்காம் கோமகன் நிலைமை மோசமாகுதேன்னு 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு பண்ணப்ப, வியாபாரத்துல சர்க்கார் தலையிடலாமான்னு மேலிடம் கண்டிச்சுது. செலவக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிள்ங்கறவர அனுப்பி வெச்சாங்க.

இந்த டெம்பிள் கதையத் தெரிஞ்சுக்கணும். 1874ல பீகார்ல பஞ்சம் வந்தப்ப பர்மாவுல இருந்து அரிசி கொண்டு வந்து ரொம்பக் கம்மியான சாவோட சமாளிச்ச ஆளே இவருதான். அதுக்கு லண்டன்ல கிடைச்ச பரிசு, ஊதாரின்னு பேரு. இந்திய உசுருக்காக இவ்ளோ செலவா பண்றதுன்னு கேட்டாங்க. அந்தப் பேரப் போக்கணும்னு மெட்ராஸுக்கு வந்தவரு, நிவாரண வேலைக்கூலிய ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், மேல கொஞ்சம் சில்லறைன்னு வெட்டிட்டாரு, பொம்பளைக்கும் குழந்தைக்கும் அதவிடக் கம்மி. ஒரு பவுண்டுன்னா 450 கிராம். கல்லு உடைக்கணும், மண்ணு சுமக்கணும், ஏற்கனவே மாசக்கணக்குல பட்டினி கிடந்த உடம்பு. வேலைக்காட்டுல களி தின்னு பழகுன நம்ம பக்கத்து ஆள நினைச்சுப் பாருங்க, அந்தத் தானியத்த அரைச்சு, விறகு வாங்கி, உப்பு வாங்கி, அதுலயே வீட்டுல கிடக்கற கிழவிக்கும் பங்கு வெச்சா அவன் வயித்துக்கு என்ன மிஞ்சும்?

மாகாண சானிட்டரி கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இத எதுத்து நின்னாரு, இது ஆளக் கொல்ற அளவு, ஒன்றரை பவுண்டாவது வேணும், பருப்பு காய்கறி வேணும்னு எழுதி எழுதிப் போராடுனாரு. பத்திரிகையிலயும் சண்டை நடந்துச்சு. சில மாசம் கழிச்சுக் கூலிய ஏத்துனாங்க, அதுக்குள்ள போனது போச்சு. கார்னிஷும் வெள்ளைக்காரர்தான், நல்ல மனுஷன், எதுத்துப் பேசுன தைரியசாலி. ஆனா அவர் நல்லவரா இருந்ததால முடிவு அன்னைக்கே மாறல, மன்றோ நல்லவரா இருந்ததால தீர்வை குறையாத மாதிரியே.

1871 சென்சஸ்ல சேலம் ஜில்லா ஜனத்தொகை, அப்ப தர்மபுரி கிருஷ்ணகிரி ஓசூர் ஊத்தங்கரை எல்லாம் சேத்து, 19 லட்சத்து 67 ஆயிரம் கிட்ட. 1881ல எண்ணுனப்ப 16 லட்சத்தக் கூடத் தொடல. பத்து வருஷத்துல ஏறியிருக்க வேண்டிய எண்ணிக்கைல மூணரை லட்சத்துக்கு மேல குறைவு. அஞ்சு பேர்ல கிட்டத்தட்ட ஒருத்தர். கொஞ்சம் பேர் ஊர விட்டுப் போயிருக்கலாம், ஆனா பெரும்பகுதி செத்தவங்க. முதல்ல போனது யாருன்னா பட்டாவே இல்லாத கூலி ஜனமும் நெசவாளிங்களும். 1880ல பஞ்சக் கமிஷன் அறிக்கை, அப்புறம் பஞ்ச விதித்தொகுப்பு, அதுக்கும் அப்புறம் 1905ல திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906ல மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கும் பஞ்ச நிவாரணம்னு சொல்லி சின்ன ரயில். 1913ல அது ஓசூர் வரைக்கும் போச்சு. ரெண்டாம் உலகப்போர் காலத்துல லாபம் இல்ல, இரும்பு வேணும்னு அதையும் மூடிட்டாங்க. ரயில் விட்டான்னு சொல்றவங்க பிடுங்குனதையும் சொல்லணும், மொரப்பூர் தர்மபுரி லைனுக்கு 2019ல மறுபடி அடிக்கல் நாட்டுற நிலைமை அதனாலதான் வந்துச்சு.

இத எப்படி எடை போடறது

என்னோட தீர்ப்பு இது. மன்றோ நம்ம ஜனங்கள மதிச்சது பொய் இல்ல. ஆனா அவர் தர்மபுரியில இருந்த வரைக்கும் அந்த மதிப்புக்கு தீர்வை புஸ்தகத்துல ஒரு வரி கூட மாத்தற சக்தி மேல இருந்து கிடைக்கல, கீழ இருந்த நமக்கு அதக் கேக்கற உரிமையும் கிடையாது. தனி ஆளோட நல்ல குணம் அவர் உக்காந்திருந்த கூடாரம் இருக்கற வரைக்கும்தான். மில், மெக்காலே காலத்துல வளர்ந்த இளக்காரம் மேல ஏறி உக்காந்தப்ப, மன்றோ நல்ல எண்ணத்தோட வயல் வயலா எழுதி வெச்ச அதே கணக்கு, எவன்கிட்ட எவ்ளோ புழியலாம்னு காட்டற கணக்கா ஆச்சு. கலெக்டர் மாதிரி பெரிய உத்யோகத்துக்கான ஐ.சி.எஸ். பரீட்சைய லண்டன்ல மட்டும் வெச்சு, பஞ்சம் நடக்கற அதே 1870கள்ல வயசு வரம்ப 19க்கு இறக்குனாங்க. தர்மபுரியில தீர்வை எவ்ளோன்னு முடிவு பண்ற நாற்காலியில தர்மபுரிக்காரன் உக்காந்துடக் கூடாதுன்னு எவ்ளோ கவனம் பாருங்க.

திப்பு அமில்தாரும்தானே புழிஞ்சான்னு கேட்டா, ஆமா, புழிஞ்சான். ஆனா அவன ஏமாத்தி நிலத்த மறைக்க முடியும், பக்கத்துச் சீமைக்கு ஓட முடியும், மழை பொய்ச்சா பேரம் பேச முடியும். எல்லா வயலுக்கும் நம்பர் போட்டு, எல்லா திசையிலயும் ஒரே சர்க்கார் ஆனப்புறம் ஓடறதுக்கு இருந்த இடம் தேயிலைக் காடும் கோலார் தங்கச் சுரங்கமும்தான்.

இந்தக் கேஸ இன்னும் முழுசாக்க ஒரு வேலை பாக்கி இருக்கு. 1871, 1881 சென்சஸ் ரெண்டையும் தாலுகா வாரியா பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒவ்வொரு ஊர் பள்ளிக்கூடத்துலயும் அந்த ஊர் கணக்க எழுதி மாட்டணும்னு ஆசை எனக்கு. தாது வருஷத்துல போனவங்களுக்கு ஒரு கல்லு கூட எங்க தாலுகாவுல நான் பாத்ததில்ல. உங்க வீட்டுப் பரண்ல பழைய பட்டா, கிஸ்தி ரசீது, மிட்டா காலத்துப் பத்திரம் எதுனா கிடந்தா பழைய பேப்பர்காரருக்குப் போடாதீங்க, தூசி தட்டி போட்டோ எடுத்து வைங்க, தேதியும் தொகையும் தெரியற மாதிரி எடுங்க.